அப்பாவும் இருட்டில்தானே எழுந்தார், டாக்டர்?

மலேசியாவில் கூலிம் பக்கத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவற்றை விட்டுவிட்டேன், வேறு சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 43. அப்பா பால்மரம் சீவியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டைக் காலி செய்துவிட்டு, பட்டணத்தின் ஓரத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்த குடும்பம். வாசகி ஆறு வருடமாகக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறார். மாலை 7 மணிக்கு ஏறினால் காலை 7 மணிக்கு இறங்க வேண்டும். ஓவர்டைமும் சேர்த்து நாலு இரவு வேலை, இரண்டு நாள் ஓய்வு. இந்த ஆறு வருடத்தில் 11 கிலோ ஏறியிருக்கிறது. போன மாதம் அரசாங்க கிளினிக்கில் எடுத்த ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் கணக்கு) 6.0. "சீனியைக் குறைங்க, நடங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இவருடைய அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

"நான் முன்னைவிட அதிகமா சாப்பிடல டாக்டர். பகல்ல ஆறு, ஏழு மணி நேரம் தூங்கவும் செய்றேன். என் நாத்தனார் வாய்க்கட்டு இல்லேன்னு சொல்றாங்க. இருட்டுல வேலை செய்றதுதான் காரணம்னு இன்னொருத்தர் சொல்றாங்க. அப்பாவும் விடியாத இருட்டுலதானே நாலு மணிக்கு எழுந்து போனாரு? அவருக்கு ஒண்ணும் வரலியே?" என்று கேட்கிறார். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கியிருக்கிறார். தூக்கத்துக்கென்று இணையத்தில் விற்கும் மெலடோனின் மிட்டாயை வாங்கலாமா, டிவி ஓடினால்தான் தூக்கம் வருகிறதே அது தப்பா, சாமி மேடை விளக்கை அணைக்க வேண்டுமா, வேலையையே விட்டுவிடலாமா என்பவை மற்ற கேள்விகள். மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.

சகோதரி,

அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்ற எல்லாக் கேள்விக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. நானும் லயத்தில் வளர்ந்தவன் என்பதால் அந்த நாலு மணி இருட்டு எனக்கும் தெரியும்.

அப்பாவின் இருட்டும் உங்கள் இருட்டும்

பால்மரத்தை ஏன் விடியுமுன் சீவினார்கள்? வெயில் ஏற ஏற இலைகள் வழியாக நீர் ஆவியாகும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் இறங்கும், பால் ஓட்டம் தளர்ந்துவிடும். விடியும் முன்தான் அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும். மரத்துக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்கு ஏற்றபடிதான் வருகைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டார்கள். நம் உடம்புக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு. அதற்கு ஏற்றபடி யாரும் ஷிப்ட் போடுவதில்லை.

அப்பாவின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். நெற்றியில் கட்டிய விளக்கு, சீவும் கோடு தெரியும் அளவுக்கு மட்டும் மங்கலாக எரியும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பொழுது விடிந்துவிடும். பிறகு பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போடும் வரை அவர் வானத்தின் கீழேதான் நின்றார். சாப்பாடெல்லாம் பகலில். இரவு எட்டரை, ஒன்பதுக்குப் படுத்துவிடுவார். எங்கள் தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அது நின்றதும் லயம் முழுக்கக் கும்மிருட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினால் உண்டு. அப்பா சீக்கிரம் எழுந்தார், அவ்வளவுதான். இரவில் இருட்டில் தூங்கினார், பகலில் வெளிச்சத்தில் உழைத்தார், வெளிச்சத்தில் சாப்பிட்டார்.

உங்கள் நாள் இதை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டது. நீங்கள் இருட்டில் வேலை செய்யவில்லை, சகோதரி. பன்னிரண்டு மணி நேரம் வெள்ளை விளக்குக்குக் கீழே நிற்கிறீர்கள். அதன் பிறகு மங்கலான அறையில் பகலைக் கழிக்கிறீர்கள். உங்கள் வாழ்க்கையில் சரியான இருட்டும் இல்லை, சரியான வெளிச்சமும் இல்லை.

கண் நம்மை ஏமாற்றிவிடும், அதனால் கொஞ்சம் எண்களைச் சொல்கிறேன். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளக்கிறார்கள். வெட்டவெளியில் உச்சி வெயில் 100,000 லக்ஸ் வரை போகும். மேகம் மூடிய பகல்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். இரவில் விளக்கு போட்ட ஹால் 100 முதல் 300 லக்ஸ். முழு நிலவு அரை லக்ஸ்கூடத் தேறாது. ரப்பர் காட்டின் நிழலில் நின்றாலும் அப்பாவுக்குக் கிடைத்தது நம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

இங்கே நான் உங்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். அப்பாவுக்கு ஒன்றும் வராததற்கு வெளிச்சம் மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தினமும் மரத்துக்கு மரம் நடந்தார், பால் வாளி சுமந்தார். தவிர, அந்தக் காலத்தில் தோட்டத்தில் யார் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள்? வந்தும் தெரியாமல் போயிருக்கலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம் ரத்தத்தில் உள்ளது, நம் தட்டில் உள்ளது, நம் வேலையில் உள்ளது எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரங்கள்

பார்ப்பதற்கு உதவும் செல்கள் தவிர வேறு ஒரு வகைச் செல்களும் விழித்திரையில் இருக்கின்றன. மனிதர் முகத்தையோ எழுத்தையோ காட்டுவது அவற்றின் முக்கிய வேலை இல்லை. வெளியே பகலா இரவா என்பதை மூளைக்குச் சொல்வதுதான் வேலை. 2002 வாக்கில்தான் விஞ்ஞானிகள் இவற்றை உறுதியாக அடையாளம் கண்டார்கள். பகல் வானத்தில் நிறைந்திருக்கும் நீல நிறத்துக்கு இவை அதிகம் அசையும், சிவப்புக்கு மிகக் குறைவு. இவை அனுப்பும் சேதி மூளையின் அடியில் சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்துக்குப் போகிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். உடம்புக் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களின் செயல்பாட்டைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கல்லீரலுக்கும் கணையத்துக்கும் கொழுப்புக்கும்கூடத் தனித்தனிக் கடிகாரம் உண்டு. தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து மணி வைக்கிறது. கல்லீரல் போன்றவை சோற்றைப் பார்த்தும் மணி வைக்கின்றன. நீங்கள் அதிகாலை 2 மணிக்குக் கேண்டீனில் நாசி லெமாக் சாப்பிடும்போது ஒரு கடிகாரம் பகல் என்கிறது, மற்றொரு கடிகாரம் இரவு என்கிறது. அந்த நேரத்தில் இன்சுலின் சுரப்பு மந்தமாக இருக்கும். இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனுக்கும் இதில் பங்கு உண்டு. கணையத்தில் அதை வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அதே ஒரு தட்டுச் சோறு மதியம் ஏற்றும் சர்க்கரையைவிட நடு இரவில் அதிகம் ஏற்றும். "முன்னைவிட அதிகமா சாப்பிடல" என்று நீங்கள் எழுதியதை நான் முழுசாக நம்புகிறேன். நாத்தனாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2009 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தூக்க நேரமும் சாப்பாட்டு நேரமும் உடம்புக் கடிகாரத்துக்கு நேர் எதிராக வரும்படி அமைத்தார்கள். ரத்தச் சர்க்கரை 6 விழுக்காடு ஏறியது, இன்சுலின் 22 விழுக்காடு ஏறியது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 17 விழுக்காடு இறங்கியது. எட்டுப் பேரில் மூன்று பேருக்குச் சாப்பிட்ட பிறகு எடுத்த சர்க்கரை நீரிழிவின் முன்நிலைக்கே போய்விட்டது. அவர்களுக்கு அதற்கு முன் நோய் எதுவும் இல்லை. 2022 இல் இன்னொரு சோதனை: இருபது இளைஞர்களில் ஒரு பிரிவினர் 100 லக்ஸ் விளக்கெரியும் அறையில் ஒரே ஓர் இரவு தூங்கினார்கள். தூக்கத்திலேயே இதயத் துடிப்பு கூடியது, காலையில் இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படவில்லை. கண்ணை மூடினாலும் இமை வழியாக வெளிச்சம் உள்ளே போகிறது. இவை சிறிய ஆய்வுகள்தான், ஓர் இரவை வைத்து ஆயுளைக் கணக்கிட முடியாது. ஆனால் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதியும் இதில் இருக்கிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால்தான் உங்கள் ஊரில் சூரியன் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் எழுகிறது, உச்சிக்கு வர ஒன்றே கால் ஆகிறது. நீங்கள் ஷிப்ட் முடித்து வாசலுக்கு வரும் அதே நேரத்தில் பொழுது விடிகிறது. படுக்கப் போகும் உடம்புக்கு "எழுந்திரு" என்று சொல்லும் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. இரவு வேலைக்காரர்களில் பெரும்பாலோருக்கு எத்தனை வருடம் ஆனாலும் உடம்பு முழுதாகப் பழகாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

கண்ணாடி, மிட்டாய், டிவி, சாமி விளக்கு

180 வெள்ளி போனது போகட்டும். நிறமில்லாத அந்தக் கண்ணாடி நீல ஒளியில் கொஞ்சத்தைத்தான் தடுக்கும். 2023 இல் பதினேழு சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கையில், கணினி பார்ப்பதால் வரும் கண் சோர்வுக்கு இவை உதவுவதாகத் தெரியவில்லை. தூக்கத்துக்கு உதவுமா என்பதற்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை. புதிதாக இன்னொன்று வாங்காதீர்கள்.

மெலடோனின் மிட்டாய் வேண்டாம். பதிவு பெற்ற மருந்தாக இருந்தால் பெட்டியில் 'எம்.ஏ.எல்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். இணையத்தில் விற்பதில் பல அப்படி இல்லை. உங்கள் நிலையில் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மெலடோனின் கொடுத்து உடனே குளுக்கோஸ் குடிக்க வைத்த ஒரு சோதனையில் பெண்களுக்குச் சர்க்கரை கட்டுப்பாடு மோசமானது. 6.0 இல் இருக்கும் நீங்கள், மருத்துவரைக் கேட்காமல், அதுவும் சாப்பாட்டு நேரத்தையொட்டி அதைப் போடுவது சரியில்லை.

டிவியை நிறுத்திவிடுங்கள். 43,722 அமெரிக்கப் பெண்களை ஐந்தரை வருடத்துக்கு மேல் கவனித்த ஆய்வு 2019 இல் வந்தது. தூங்கும் அறையில் டிவியோ விளக்கோ எரிய விட்டவர்களில் 5 கிலோவுக்கு மேல் எடை கூடியவர்கள் 17 விழுக்காடு அதிகம். டிவிதான் எடையைக் கூட்டியது என்று அந்த ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது. டிவி போட்டுத் தூங்குபவர்களுக்கு வேறு கஷ்டங்களும் இருக்கலாம். ஆனால் அணைப்பதால் உங்களுக்கு ஒரு காசு நட்டம் இல்லை. ஆள் பேச்சுச் சத்தம் வேண்டுமென்றால் ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாமி மேடை விளக்கை அணைக்க வேண்டாம். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருவது ஒரு லக்ஸ்தான். காமாட்சி விளக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஹாலில் எரியட்டும். பாத்ரூமுக்குப் போக வெளிச்சம் வேண்டுமென்றால் தரையோரம் ஒரு சின்னச் சிவப்பு பல்பு போதும்.

வீட்டில் இருட்டைச் செய்துகொள்வது

உங்களுக்கு இருட்டு சும்மா கிடைக்காது, செய்துகொள்ளத்தான் வேண்டும். மெல்லிய திரைக்குப் பின்னால், ஜன்னல் கண்ணாடியில் கறுப்புப் பிளாஸ்டிக்கோ, அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையோ வையுங்கள். கையை நீட்டினால் விரல் தெரியக்கூடாது, அதுதான் அளவு. தகரக் கூரை என்றால் பகலில் அறை வேகும் என்பது எனக்குத் தெரியும். மின்விசிறியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டுப் படுங்கள். அதுவும் முடியாவிட்டால் கறுப்புப் பருத்தித் துணியைக் கண்ணில் கட்டிக்கொள்ளலாம்.

காலையில் வீடு திரும்பும்போது வெயில் கண்ணாடி போட்டால் தூக்கத்துக்கு உதவும். ஆனால் நீங்கள் மோட்டார் சைக்கிளில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கண்ணைச் சொக்கும் நேரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு வண்டி ஓட்டவே கூடாது. கம்பெனி பஸ் இருந்தால் அதில் வாருங்கள், பஸ்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு உங்கள் சர்க்கரையைவிட அந்தக் காலை நேர மோட்டார் சைக்கிள்தான் அதிகப் பயமாக இருக்கிறது.

எட்டரைக்குப் படுத்து இரண்டு, இரண்டரை வரை தூங்கப் பாருங்கள். எழுந்த பிறகு வீட்டுக்குள்ளேயே இருக்காதீர்கள். நாலரை, ஐந்து மணிக்கு வெளியே வந்து அரை மணி நேரம் நடங்கள். அப்போது நம் ஊரில் இன்னும் நல்ல வெளிச்சம் இருக்கும். ஓய்வு நாள் தொடங்கும் காலையில் மூன்று நாலு மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து, பகல் வெளிச்சத்தைப் பார்த்து, அன்று இரவு குடும்பத்தோடு படுங்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் கேட்கிறேன், மற்றதை விடுங்கள். முக்கியச் சாப்பாட்டை மாலை ஆறு மணிக்கு வீட்டிலேயே முடித்துவிட்டு, நள்ளிரவு முதல் காலை வரை பெரிய சாப்பாட்டைத் தவிருங்கள். 2021 இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் இரவு வேலை போல விழித்திருந்தும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை. இரவில் சாப்பிட்டவர்களுக்கு 6.4 விழுக்காடு ஏறியது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பசி தாங்காது என்றால் ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் கடலை, வெள்ளரிக்காய். தே தாரிக்கும் மைலோவும் வேண்டாம். காப்பி குடித்தே ஆக வேண்டுமென்றால் சீனி இல்லாமல், அதிகாலை இரண்டு மணிக்கு முன்னால். பின்னால் சர்க்கரை மாத்திரை ஆரம்பிக்க நேர்ந்தால் இந்த முறையை மருத்துவரிடம் சொல்லாமல் தொடராதீர்கள்.

வேலையை விடலாமா?

பயத்தில் விடாதீர்கள். மலேசிய வழிகாட்டுதலில் 5.7 முதல் 6.2 வரை நீரிழிவின் முன்நிலை, 6.3 தொட்டால் நீரிழிவு. (அமெரிக்கக் கணக்கில் 6.5 என்று இணையத்தில் படித்திருப்பீர்கள், நம் கிளினிக்கில் 6.3 தான் கணக்கு.) 6.0 எச்சரிக்கை மணி, இன்னும் திரும்பி வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறீர்கள். கையில் வேறு வேலை இல்லாமல் சம்பளத்தை விட்டால், மகன் படிப்பை நினைத்து வரும் கவலையும் தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

அதே நேரத்தில், அம்மாவின் கதையைத் தெரிந்துகொண்டு "இன்னும் பத்து வருஷம் இப்படியே இருங்க" என்று என்னால் சொல்ல முடியாது. வேலைச் சட்டம் 1955 இல் 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த 60பி (P), 60கியூ (Q) பிரிவுகளின்படி வேலை நேரத்தை மாற்றித் தரும்படி நீங்கள் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. கிளினிக் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள். பகல் ஷிப்டில் அலவன்ஸ் எவ்வளவு குறையும் என்று முதலில் கணக்குப் போட்டு, மகனோடும் உட்கார்ந்து பேசுங்கள். அவன் சின்னப் பிள்ளை இல்லை. அடுத்த பரிசோதனையில் 6.3 வந்தாலோ, ரத்த அழுத்தமும் கூடினாலோ, பகலுக்கு மாறுவதைத் தள்ளிப் போடவே வேண்டாம்.

'இரவு வேலை புற்றுநோய்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் கேட்டிருந்தீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2007 இலும் 2019 இலும் இரவு ஷிப்டை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்தது உண்மை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி எல்லாம் அதே பிரிவில்தான் இருக்கின்றன. நாளைக்கே வந்துவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. மார்பகப் பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளி கட்டி அதே கிளினிக்கில் மறுபடி ரத்தம் கொடுங்கள். ஓய்வின் இரண்டாம் நாள் காலையில், முந்தைய இரவு தூங்கிய பிறகு போங்கள். ஷிப்ட் முடிந்த கையோடு போனால் வெறும் வயிற்றுச் சர்க்கரைக் கணக்கு சரியாக வராது. ரத்தச்சோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்துக் குறைந்தாலும் ஹெச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும். நீங்கள் தூக்கத்தில் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுவிட்டுப் போய் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வந்த எண் எதுவானாலும் எனக்கு எழுதுங்கள்.